அனத்தோலியின் மூன்றாவது கம்பம்

எங்கள் ரோட்டு முக்கிலிருந்து மேட்டுக்கு ஏறும் செம்மண் பாதையில் மூன்று மின்கம்பங்கள் நிற்கின்றன. மூன்றிலும் நெஞ்சு உயரத்தில் வெள்ளைப் பெயிண்டில் ‘அனத்தோலி’ என்று எழுதியிருக்கும். மழையில் எழுத்து மங்கினால் அந்தப் பேருக்குச் சொந்தக்காரரே பிரஷ்ஷோடு வந்து மறுபடி எழுதுவார். ஊரில் அவருக்குக் கம்பத்தப்பன் என்று பெயர். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். நான் மூஞ்சிக்கு நேரே சொல்வேன்.

நான் முக்கில் பன்றிக்கறி வெட்டி, சுட்டு விற்கிறவன். பேர் முலிந்துவா. மசாகா ரோட்டில் போகிற லாரிக்காரன் எவனும் என் கடையில் நிற்காமல் போகமாட்டான். அனத்தோலியும் அப்படி நின்று தின்ற லாரிக்காரர்தான். குருமடத்து லாரியை ஓட்டினார். சாமியார்களுக்கு சோளமாவு, சிமென்ட், பள்ளிக்கூடத்துப் பெஞ்சு, ஒரு தடவை கோவில் மணி. அந்த மணியை ஏற்றி வந்த அன்றைக்கு ஒவ்வொரு பள்ளத்திலும் அது அடிக்க, வழியெல்லாம் ஜனங்கள் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பி வந்துவிட்டார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் வாய்விட்டுச் சிரிப்பார். மற்ற நேரத்தில் அந்த முகத்தில் சிரிப்பைத் தேட வேண்டும்.

வேலையை விட்டு வந்தபோது குருமடம் கையில் கொஞ்சம் மொத்தமாகக் கொடுத்தது. வேறு ஒருவன் என்றால் மாடு வாங்குவான், மோட்டார் சைக்கிள் வாங்குவான். இவர் கம்பம் வாங்கினார்.

அன்றைக்கு நிலைமை அப்படி. கரண்டு வேண்டுமென்றால் உன் வீடு வரைக்கும் வரும் கம்பத்தையும் நீதான் வாங்க வேண்டும். ரோட்டோரத்தில் வீடு இருந்தால் உனக்குக் கம்பச் செலவு இல்லை, கம்பியை இழுத்து மாட்டினால் முடிந்தது. அவன் ‘கம்பமில்லாதவன்’. கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தால் ‘ஒத்தக்கம்பத்துக்காரன்’. மின்சார ஆபீஸ் சீட்டில் இருந்த வார்த்தைகள் எங்கள் வாய்க்கு வந்து ஆளுக்குப் பட்டமாகிவிட்டன. பெண் கேட்டு வந்தவனைக்கூட, “பையன் வீடு கம்பமில்லாததா, ஒத்தக்கம்பமா?” என்று விசாரித்த காலம் உண்டு. அதில் கம்பமில்லாதவனுக்குத்தான் மவுசு.

அனத்தோலியின் வீடு மூன்று கம்பம் தள்ளி. மூன்றையும் வாங்கினார். வாங்கினவனுக்குத்தானே பொருள் சொந்தம்? ஆபீஸ்காரன், “நட்ட பிறகு அது கம்பெனியோடது” என்று சொல்லிப் பார்த்தான்.

“எங்கப்பனத்தான் மண்ணுல புதைச்சோம். புதைச்சதும் அவன் மண்ணுக்கு அப்பனாயிட்டானா?” என்று கேட்டார் அனத்தோலி. அவன் சீட்டை மடித்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கே பெயிண்ட் டப்பா வாங்கினார்.

மூன்றாவது கம்பத்தைத் தாண்டி, அவருடைய வாழைத் தோப்புக்கு அந்தப் பக்கம், இன்னும் ஒரே ஒரு வீடு உண்டு. பெர்பெத்துவாவின் வீடு. புருஷன் கரோலி செத்து நாளாகிவிட்டது. காப்பிச் செடிகளை வாடல் நோய் தின்றுவிட்டது. கோழிக்குஞ்சு வளர்த்துப் பிழைக்கிற பெண். ஒத்தக்கம்பத்துக்காரி. அந்த ஒரு கம்பத்துக்கு வழியில்லாமல் வருஷக்கணக்காக மண்ணெண்ணெய் விளக்கு.

அனத்தோலியைப் பற்றிச் சொல்வதென்றால் பெர்பெத்துவாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

எங்கள் ஜனங்களில் வாலிபன் ஒரு பெண்ணைப் பார்த்தால் முதலில் கேட்பது பேரை அல்ல, குலத்தை. ஒரே குலம் என்றால் அண்ணன் தங்கச்சி முறை. பேச்சு அங்கேயே முடிந்தது. அதனால்தான் அந்தக் கேள்வி முதலில் வர வேண்டும். அனத்தோலி வாலிபத்தில் ஒரு கல்யாண வீட்டில் வரிசையை மாற்றிக் கேட்டுவிட்டார். முதலில் பேரைக் கேட்டார். பெர்பெத்துவா என்றாள். அப்புறம் எந்த ஊர் என்று கேட்டார். அப்புறம் பாட்டுக்கு ஆட வருகிறாயா என்று கேட்டார். வெயில் சாயும்வரை இரண்டு பேரும் ஆடினார்கள். நானும் அந்தக் கல்யாணத்தில் இருந்தேன், பார்த்தேன். ஆடி முடித்து, வாழையிலையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிற மாதிரி, “ஆமா, நீ எந்தக் குலம்?” என்றார்.

“புதர்மான்” என்றாள்.

இவரும் புதர்மான்.

சிரித்துவிட்டு, “அப்ப நீ என் தங்கச்சி” என்று சொல்லி எழுந்தார். நேராக என்னிடம் வந்து தண்ணீர் கேட்டார். நான் கொடுத்த குவளையை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவளைப் பெண் கேட்டு வந்தது யார்? இவருடைய பக்கத்துத் தோட்டத்துக் கரோலி. அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. பெண் கொடுக்கிற அன்றைக்கு மாப்பிள்ளை, பெண்ணின் சகோதரனுக்கு ஒரு சேவல் கொடுக்க வேண்டும். அவன் வாங்கினால்தான் பெண் போகலாம். குலத்துக்குச் சகோதரன், பக்கத்திலேயே இருக்கிறான் என்று பெரியவர்கள் அனத்தோலியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவர் சேவலை வாங்கிக்கொண்டார். வாங்கின சேவலை அறுத்துத் தின்ன வேண்டும், அதுதான் முறை. இவர் தின்னவில்லை. கட்டியும் வைக்கவில்லை, விற்கவும் இல்லை. அது முற்றத்தில் திரிந்து, கிழடாகி, ஒரு கண் போய், தானாகச் செத்தது. “கறி முத்திப்போச்சு, அதான் விட்டுட்டேன்” என்பார். கறியைப் பற்றி என்னிடம் சொல்கிறார்.

பிறகு அவருக்கும் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன, மனைவி காய்ச்சலில் போனாள், பிள்ளைகள் கம்பாலா பட்டணத்துக்குப் போனார்கள். நல்ல மனிதனாகத்தான் குடும்பம் நடத்தினார். அதில் ஒரு குறையும் யாரும் சொல்ல முடியாது.

செல்போன் வந்தது. பெர்பெத்துவாவும் ஒன்று வாங்கினாள். சார்ஜ் போட முக்கில் கடைகள் உண்டு, சில்லறை கொடுக்க வேண்டும். அண்ணன் வீட்டில் கரண்டு இருக்கும்போது தங்கச்சி எதற்குக் கடைக்குப் போக வேண்டும்? சாயங்காலமானால் வாழைத் தோப்பு வழியாக வருவாள். அனத்தோலி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவள் எங்கள் பெண்கள் செய்கிறபடி முழங்கால் போட்டுக் குனிந்து போனை நீட்டுவாள்.

“நல்லா இருக்கீங்களாண்ணே?”

“இருக்கேன். அங்க எப்படி?”

“இருக்கோம். வேலையெல்லாம் ஆச்சா?”

“ஆச்சு. உனக்கு?”

“ஆச்சு. ம்ம்.”

“ம்ம்.”

“ம்.”

எங்கள் வணக்கம் இப்படித்தான். கேள்வியெல்லாம் தீர்ந்த பிறகும் தொண்டைக்குள் ஒரு முனகல் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போய்வரும். குரல் இறங்கி இறங்கி அடங்கும். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று முறை போய்வந்தால் முடிந்துவிடும். இவர்கள் இரண்டு பேருக்கும் முடியாது. நான் சில நாள் பன்றித் தலையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவேன். நின்று, தலையைக் கீழே வைத்து, இடுப்பைத் தேய்த்து, மறுபடி தூக்குவேன். அப்போதும் அந்த முனகல் போய்க்கொண்டிருக்கும். புறா இரண்டு எங்கேயோ கூரைக்குள் பேசிக்கொள்வது மாதிரி. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. போனில் சார்ஜ் ஏறும்வரை அவள் படியில் உட்கார்ந்து பயறு உடைப்பாள். அவர் ரேடியோ கேட்பார். ஏறியதும் போய்விடுவாள்.

ஊரில் ஒருவனும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அண்ணன் வீட்டுக்குத் தங்கச்சி வந்தால் எவன் என்ன சொல்வான்?

அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. இனிமேல் கம்பத்துக்கு யாரும் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். கேட்கிறவன் வீட்டுக்குக் கம்பம் சும்மா வரும். அந்தச் செலவை, ஏற்கனவே கரண்டு எரிக்கிற எல்லோருடைய யூனிட் விலையிலும் துளித்துளியாகச் சேர்த்துவிடுவார்கள். ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் கம்பமில்லாதவர்கள் எல்லோரும் என் கடையில் கூடிக் கத்தினார்கள். “எவனோ காட்டுக்குள்ள வீடு கட்டினா நான் ஏன்யா அழணும்?” அனத்தோலி மட்டும் வாங்கின கறியைத் தின்னாமல் எழுந்து போனார்.

கம்பி இழுக்கிற ஆட்கள் லாரியில் வந்தார்கள். மேஸ்திரி ஒலாரா என்று வடக்கத்தி ஆள், பனைமரம் மாதிரி உயரம். பெர்பெத்துவா வீட்டுக்கு ஒரு கம்பம் இறக்கினார்கள். அதை அனத்தோலியின் தோப்பு ஓரத்தில் நட்டு, அவருடைய மூன்றாவது கம்பத்திலிருந்து கம்பி இழுக்க வேண்டும். அனத்தோலி வாசல் படலைச் சாத்தி, குறுக்கே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“பெரியவரே, கம்பம் கம்பெனியோடது” என்றான் ஒலாரா.

“எழுதியிருக்கிறதப் படி.”

“படிச்சேன். பெயிண்ட் நல்லாருக்கு.”

“நிலம் யாரோடது?”

“நிலம் உங்களோடது. அதான் கேக்குறேன். கையெழுத்து போட்டாத்தான் உள்ள வருவேன்.”

“போடமாட்டேன்.”

ஒலாரா என் கடைக்கு வந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். “ஒரு விதவை வீட்டுக்கு வெளிச்சம் போறதுல இந்தாளுக்கு என்ன நஷ்டம்?” ஊரே அதைத்தான் கேட்டது. கஞ்சன் என்றார்கள், பொறாமைக்காரன் என்றார்கள். பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரத்தில் அவர் கையை ஒருவர் தட்டிவிட்டதைக் கண்ணால் பார்த்தேன்.

எனக்குத் தெரியும் என்ன நஷ்டமென்று. அவள் வீட்டுச் சுவரில் ஒரு பிளக் வந்தால் அந்தச் சாயங்காலம் போயிற்று. வாழ்க்கையில் அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். ஆனால் இதை நான் யாரிடம் சொல்ல? சொன்னால் முதலில் கெடுவது அவள் பேர்.

பெர்பெத்துவா கோபித்துக்கொண்டாளா என்றால், இல்லை. வழக்கம்போல வந்தாள், முழங்கால் போட்டாள், போனை நீட்டினாள். கம்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவரை அறுத்தது என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரு குளிர் மழை வந்தது. அவள் புதுசாகக் குஞ்சுகள் இறக்கியிருந்தாள், பொரித்த சூடு ஆறாத குஞ்சுகள். கரண்டு உள்ளவர்கள் குஞ்சுக்குப் பல்ப் தொங்கவிட்டுச் சூடு கொடுப்பார்கள். இவள் மண்சட்டியில் கரி போட்டு வைப்பாள். மழைக்குப் பயந்து கதவையும் சன்னலையும் இறுக்கச் சாத்தியிருக்கிறாள். கரிப் புகை உள்ளேயே சுற்றி எல்லாவற்றையும் கொன்றுவிட்டது.

அன்றைக்கு நானும் அனத்தோலி வீட்டில் இருந்தேன். காலையிலேயே தோப்பு வழியாக வந்தாள். கையில் போன் இல்லை.

“அண்ணே, மண்வெட்டி இருந்தா குடுங்க. எங்களது காம்பு ஒடிஞ்சிருக்கு.”

“எதுக்கு?”

“குஞ்சுகளப் புதைக்கணும்.”

அவர் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை. தானே தோளில் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார். நானும் போனேன். குஞ்சுகள் மஞ்சளாக, ஒன்றின் மேல் ஒன்று, தூங்குவது போலக் கிடந்தன. குழி வெட்டினார். குஞ்சுகளுக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை, அவர் வயசுக்கு அது ஆகவும் ஆகாது. நான் மண்வெட்டியை வாங்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். மூடி முடித்து மண்ணை மிதித்துவிட்டு, அவளைப் பார்க்காமல், “கதவ இப்படிச் சாத்துறதா? நீயும் உள்ள படுத்திருந்தா?” என்று கத்தினார்.

“நான் அடுப்படியில படுத்தேண்ணே.”

“நல்லவேள” என்றார். மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, தோப்புக்குள் போகாமல் பாதையில் இறங்கி நேராக முக்குக்கு நடந்தார்.

ஒலாரா என் கடைப் பெஞ்சில் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தான்.

“எங்க கையெழுத்து?” என்றார் அனத்தோலி.

ஒலாரா கிழங்கைக் கீழே வைத்தான். போட்டார். போட்ட பிறகும் போகாமல் நின்றார்.

“ஒண்ணு கேக்கணும். அவ கம்பத்துக்கு யாரு காசு குடுக்குறா?”

“எல்லாரும்தான்.”

“எல்லாரும்னா யாரு?”

ஒலாரா என் அடுப்பைக் காட்டினான். “இந்தக் கறிக்காரர் கரிக்குன்னு தனியா காசு கேக்குறாரா? கறி விலையிலேயே அது அடக்கம். அடுப்புப் பக்கத்துல நிக்கிறவனும் குடுக்குறான், அங்க லாரியில உக்காந்திருக்கிறவனும் குடுக்குறான். அது மாதிரிதான். நீங்க எரிக்கிற ஒவ்வொரு யூனிட்லயும் ஒரு துளி கம்பத்துக்குப் போகுது.”

“நான் ஒரு பல்ப் போட்டா, அவ கம்பத்துக்குப் போகுமா?”

“எல்லார் கம்பத்துக்கும் போகும். எங்க ஊர் கம்பத்துக்கும் போகும், பெரியவரே. ரொம்ப நன்றி.”

“அவளுக்கும் போகுமா, அதச் சொல்லு.”

ஒலாரா என்னைப் பார்த்தான். நான் கத்தியைத் தீட்டினேன்.

“அவங்களும் எல்லாருலயும் சேத்திதான?” என்றான்.

“சரி” என்று சொல்லிவிட்டு அனத்தோலி போய்விட்டார்.

கம்பி இழுத்தார்கள். அவள் வீட்டில் விளக்கு எரிந்தது. வெள்ளை வெளிச்சம் வாழையிலைகளுக்கு நடுவே துண்டு துண்டாகத் தெரியும். அடுத்த குஞ்சுக் கூட்டம் ஒன்றுகூடச் சாகாமல் வளர்ந்தது. அனத்தோலி சாயங்காலமானால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ரேடியோவைப் போடவில்லை. தோப்பில் ஒரு சருகு அசைந்தால் முதுகு நிமிரும். காற்று என்று தெரிந்ததும் மறுபடி வளையும்.

“அவதான் வரல, நீரு போயிப் பாக்குறது” என்றேன்.

“எதுக்குன்னு சொல்லிப் போக?”

“சும்மா, தங்கச்சியப் பாக்கன்னு.”

“சும்மா போற முறை எனக்கில்லப்பா.” தோப்புப் பக்கம் திரும்பி, “எனக்கில்ல” என்று மறுபடி சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அவர் வாசல் பல்ப் பகலிலும் எரிய ஆரம்பித்தது. முதலில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மறுநாளும் எரிந்தது. உச்சி வெயிலில் அந்த மஞ்சள் பல்ப் ஒன்றுக்கும் ஆகாமல் தொங்குகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் அறைக்கு அறை எரிகிறது. ஒரு தீக்குச்சியை இரண்டாகப் பிளந்து சிக்கனம் பண்ணுகிற மனிதன்.

“யோவ் கம்பத்தப்பா, கிறுக்குப் புடிச்சிருச்சா? மீட்டர்ல யூனிட் என்ன வானத்துலேருந்து கொட்டுதா?”

“என் வீடு, என் பல்ப்.”

“அந்த வடக்கத்தியான் சொன்னத வச்சுத்தான இது? அட மனுஷா, நீ எரிக்கிறது நாடு முழுக்கப் பிரிஞ்சு போகும். எவனோ ஒருத்தன் வீட்டுக்குப் போகும். அவளுக்கு அதுல என்ன போய்ச் சேரும், சொல்லு? ஒரு ஆணி வருமா?”

அவர் பல்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஆணியாவது வரட்டும்.”

வாழ்நாள் முழுக்க அவளுக்கென்று ஒரு சேலைகூட எடுத்துக் கொடுக்க முடியாத ஆள். அண்ணனாகக் கொடுக்க மனசு வரவில்லை, வேறெதுவாகவும் கொடுக்க முறை இல்லை. இப்போது ஒரு வழி கிடைத்திருக்கிறது. யாருக்கும் தெரியாது, எல்லோரோடும் கலந்து போகிறது. அவளுக்கே தெரியாது என்றுதான் நானும் நினைத்தேன்.

பண்டிகைக்குக் கோழி வாங்க அவள் வீட்டுக்குப் போனேன். குஞ்சுகள் பெருத்து எல்லாம் விற்றுவிட்டன. சேவல்கள் சில மட்டும் முற்றத்தில் திரிந்தன. குஞ்சுக் கொட்டகை காலி. ஆனால் உள்ளே பல்ப் எரிந்தது, பட்டப்பகலில்.

“யம்மா, குஞ்சுதான் இல்லையே. இத அணைக்கலையா?”

அவள் வாழைத் தோப்புப் பக்கம் பார்த்தாள். அங்கே இலைகளுக்கு நடுவே அவருடைய வாசல் பல்ப் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

“அந்தக் கம்பிக்காரரு எனக்கும் சொன்னாரு, எல்லாரும் எல்லாருக்கும் குடுக்குறாங்கன்னு. நான் மட்டும் வாங்கிக்கிட்டே இருக்கவா?” என்றாள். கண் என் பக்கம் வரவில்லை.

பிறகு ஒரு சேவலைப் பிடித்து, என் கையில் கொடுத்தாள். சிவப்புச் சேவல், நெஞ்சு நிறையக் கறி.

“இது அவருக்கு. அன்னைக்கு வாங்குனத அவரு சாப்பிடலன்னு கேள்விப்பட்டேன். இதையாவது சாப்பிடச் சொல்லுங்க.”

எத்தனை வருஷத்துக்குப் பின்னால் சொல்கிறாள் பாருங்கள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன், அவள் சொன்னதையும் சொன்னேன். அனத்தோலி சேவலை மடியில் வைத்துக்கொண்டு அதன் கழுத்தைத் தடவினார்.

“அறுத்துத் தரவா?” என்றேன். கத்தி கையிலேயே இருந்தது.

“வேண்டாம்.”

காலைக் கட்டாமல் கீழே விட்டார். அது முற்றத்தில் கொஞ்சம் கொத்தியது, கம்பத்தடியில் மண்ணைச் சீய்த்தது. வெயில் இறங்கியதும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வாழைகளுக்கு நடுவே நேராக நடந்தது. பிறந்ததிலிருந்து தூங்கின கொட்டகையின் பல்ப் எங்கே எரிகிறதோ அங்கே.

“போகுது பாரும்!” என்று நான் எழுந்தேன்.

“உக்காரு” என்றார்.

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தோப்பில் சருகு மிதிபடுகிற சத்தம் கேட்டது. பெர்பெத்துவா சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். முழங்கால் போட்டாள்.

“உங்க சேவல் எங்க வீட்டுக்கு வந்துருச்சுண்ணே.”

“வந்துருச்சா.”

“வந்துருச்சு. நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன். நீ?”

“இருக்கேன். ம்ம்.”

“ம்ம்.”

நான் கறி வெட்டுகிறவன், இடுப்பில் எப்போதும் ஒரு முழம் கயிறு வைத்திருப்பேன். சேவல் காலைக் கட்ட அது தாராளம்; கட்டினால் நாளைக்கு அது தோப்பைத் தாண்டாது. நான் அதை எடுக்கவில்லை. என் கத்தியைத் துடைத்துக்கொண்டு பாதையில் இறங்கிவிட்டேன். மூன்றாவது கம்பத்தைத் தாண்டின பிறகும் பின்னால் அந்த முனகல் கேட்டுக்கொண்டிருந்தது.